மணலுக்குப் பதிலாக

வீட்டு நீச்சல் குளத்தின் வடிகட்டித் தொட்டி மூடியைத் தூக்கியதும் துல்லியம் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவரே தம் கையால் எண்ணிப் போட்ட நார்ப்பந்துகள், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் பருமன், பால் வெள்ளை. இப்போது அந்த வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது. பாசிதான் படிந்திருக்கிறது என்று கையை விட்டார். பாசி என்றால் வழுக்க வேண்டும். இது வழுக்கவில்லை, விரலைச் சுற்றிக்கொண்டது. ஒரு பந்தை இழுத்தால் பின்னாலேயே ஐந்தாறு பந்துகள் கோத்துக்கொண்டு வந்தன. முடி. நீள நீளமான தலைமுடி.

"ஐயோ" என்றார், ஆளில்லாத பம்ப் அறையில்.

துல்லியம் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு கூடிவிட்டால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டிலும் அதே கதைதான். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு முத்தம் குடுத்தாக்கூட எத்தனை மில்லின்னு கேப்பார்" என்று அவர் மனைவி வாடிக்கையாளர்களிடமே சொல்லிச் சிரிப்பாள். அவள் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். வாயும் கத்தரிக்கோல் மாதிரிதான்.

மற்றவர்கள் மாடி கட்டும் வயதில் இந்த மனிதர் பள்ளம் தோண்டினார். வீட்டின் பின்னால் ஒரே ஒரு ஆள் நீந்தும் அகலத்துக்கு ஒரு குளம். அகலத்தில் பிடித்த கஞ்சத்தனத்தை நீளத்தில் விட்டுக்கொடுத்திருந்தார். எல்லாம் மகளுக்காக. அவளுக்குப் பதினாறு வயது. மாநில நீச்சல் அணித் தேர்வுக்கு இன்னும் அரை நொடி குறைய வேண்டும். இந்த வீட்டில் ஒரு வருஷமாகச் சோறு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த அரை நொடியைச் சுற்றித்தான் நடந்தன.

மணலைத் தூக்கிவிட்டு நார்ப்பந்து போட்டதும் அவளுக்காகத்தான். மணல் வடிகட்டி மண்ணைப் பிடிக்கும், இலைத்தூளைப் பிடிக்கும், ஆனால் பொடியிலும் பொடியை விட்டுவிடும், அதனால்தான் மகளுக்குக் கண் சிவக்கிறது என்று அவர் எங்கேயோ படித்தார். படித்தால் விடுவாரா? கண்ணாடித்தூள் போடலாமா, எரிமலைக்கல் போடலாமா என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் நார்ப்பந்தில் வந்து நின்றார். மூட்டை மூட்டையாக மணல் செய்யும் வேலையை ஒரு தலையணை கனம்கூட இல்லாத பந்துகள் செய்துவிடும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு மயக்கம்.

குளச் சாமான் விற்கும் கடைக்காரர் மட்டும் இழுத்தார். "மணல் ஏழு வருஷம் அது பாட்டுக்குக் கெடக்கும் சார். இதை மாசம் ஒருதடவை வெளிய எடுத்துக் கையால அலசணும். பாத்தா உங்களுக்கே அருவருப்பா இருக்கும்."

"மணல்ல இருந்தா அருவருப்பு இல்லையா?"

"இருக்கும். ஆனா கண்ணுல படாது. தண்ணிய எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டா எல்லாம் சாக்கடைக்குப் போயிடும். யாரு பாக்கப் போறா?"

மாதம் ஒருதடவை என்று அவர் சொன்னதைத் துல்லியம் சார் கேட்டுக்கொண்டாரே தவிர செய்யவில்லை. தொட்டியின் மேல் அழுத்தம் காட்டும் முள் ஒன்று இருக்கிறது. முள் நகர்ந்தால்தானே அடைப்பு? தினமும் காலையில் முள்ளைப் பார்ப்பார், எண்ணை எழுதுவார். முள் அசையாதவரை அவருக்கு உலகத்தில் எதுவும் அசையவில்லை என்றுதான் அர்த்தம். இந்தச் சனிக்கிழமை காலையில்தான் அது சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

பந்துகளை வாளியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு முதல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"குளத்துல தொப்பி போடாம இறங்கறியா நீ?" என்றார்.

"நானா? தண்ணில கால் வச்சு ஒரு வருஷமாச்சு." வாளியை எட்டிப் பார்த்தாள். "என் தலையில இருக்கறதே நாலு முடி. அதுலயும் ரெண்டு உங்களைக் கட்டிக்கிட்டதால போச்சு. இதுல எங்கேந்து நான் இவ்வளவு குடுப்பேன்?"

அவருக்கோ தலை வழுக்கை. மிச்சம் இருந்தது வீட்டில் ஒரே ஒருத்திதான். ஆனால் அவள் ரப்பர் தொப்பி போடாமல் தண்ணீரில் இறங்கியதே இல்லையே. ஒரு முடியைப் பிரித்தெடுத்து, மனைவியின் கழுத்திலிருந்த நாடாவையே இழுத்து அளந்தார். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அளந்துவிட்டால் பாதி புரிந்த மாதிரி அவருக்கு.

மனைவி அந்த முடியை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இருந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது அறுந்த முடி இல்லைங்க. வேரோட வந்திருக்கு. எல்லாமே வேரோட வந்திருக்கு."

"குளோரின் கூடிப்போச்சோ" என்றார் அவர்.

சொல்லிவிட்டுப் பரிசோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடினார் பாருங்கள், அந்த மனிதரை என்னவென்று சொல்வது! வேரோடு முடி கொட்டுகிறது என்று பெற்றவள் நடுங்கிப்போய் நிற்கிறாள், இவர் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிறார். நிறம் சரியாக இருந்தது. மூன்று தடவை பார்த்தார், மூன்று தடவையும் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் பெட்டியை மூடினார். தண்ணீரில் தப்பிருந்தால் திருத்திவிடலாம். தண்ணீர் சரியென்றால் தப்பு வேறெங்கே?

சரியாக ஆறரைக்கு மகள் வந்தாள். தலையில் தொப்பி, உடம்பில் கணுக்கால் வரை தொங்கும் துவாலை அங்கி. பம்ப் அறை வாசலில் எடை பார்க்கும் மெஷின். அதற்கு மேலே கதவில் துல்லியம் சாரின் சார்ட். தண்ணீரின் குளோரின், அமிலம், சூடு என்று மூன்று கட்டம். அதே வரிசையில் மகளின் நீச்சல் நேரம், எடை, நாடித்துடிப்பு என்று மூன்று கட்டம். எல்லாம் ஒரே தாளில், ஒரே பேனாவில். ஐந்து மாதத்துக்கு முன்னால் பள்ளிப் பயிற்சியாளர் போகிற போக்கில், "கொஞ்சம் எடை குறைஞ்சா நல்லா இருக்கும் சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவர் அதைச் சொன்ன கையோடு மறந்தும் போயிருப்பார். இவர் அன்று சாயங்காலமே கட்டம் போட்டுவிட்டார். சமையலறையிலும் ஒரு தராசு வந்து உட்கார்ந்தது.

குறைய வேண்டியது ஐந்தே வாரத்தில் குறைந்தது. அதற்குப் பிறகு எடைக் கட்டத்தில் ஒரே எண்தான், மாறாமல், நூல் பிடித்தாற்போல். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. அங்கியோடுதான் அவள் மெஷினில் ஏறுவாள், காலையில் குளிருகிறதாம். அதனாலென்ன? அங்கியை ஒருநாள் தனியாக எடை போட்டு வைத்துக்கொண்டு தினமும் அதைக் கழித்துக்கொள்வார். துல்லியம் சார் அல்லவா!

இன்றும் அவள் ஏறினாள். அதே எண். அவர் கை பழக்கத்தில் எழுதியும் விட்டது.

"கண்ணு, தொப்பியைக் கழட்டு" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா? நீந்தப் போறேன்."

"கழட்டுன்னு சொன்னேன்ல."

மகள் இரண்டு கையாலும் தொப்பியை அழுத்திக்கொண்டாள். அம்மா விடவில்லை. கிட்டே போய், அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தொப்பியை மெதுவாக உருவினாள். இடுப்பைத் தொடப்போகிறது என்று போன வருஷம் அளந்து சந்தோஷப்பட்ட கூந்தல் அது. இப்போது காதுக்கு மேலே ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். உச்சியிலும் தோல் தெரிந்தது. மிச்சமிருந்த நூலிழைகளைச் சேர்த்துக் கட்டி, தொப்பிக்குள் புடைப்பாகத் தெரியட்டும் என்று ஒரு காலுறையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

துல்லியம் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேனா மட்டும் கையில் இருந்தது.

"என் தங்கமே" என்று அம்மா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் சட்டென்று விலகினாள். அங்கியின் விளிம்பு அவள் கணுக்காலில் இடித்திருந்தது. துணி இடிக்குமா? குனிந்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். தூக்க முடியவில்லை, இழுக்க வேண்டியிருந்தது. விளிம்பைச் சுற்றிலும் விரல் கனத்துக்கு உருளையாக ஏதோ ஓடியது. மடிப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என் தையல் இல்லை" என்றாள், நிதானமாக. அவள் குரல் அப்படி இருந்து அவர் கேட்டதே இல்லை. "என் மெஷின்ல தெச்சது. ஆனா நான் தெக்கல."

கழுத்து நாடாவோடு தொங்கிய சின்னக் கத்தரியை எடுத்துத் தையலை அறுத்தாள். சரசரவென்று தரையில் கொட்டியது. மணல். மகள் அசையாமல் நின்றாள், மணல் அவள் பாதத்தை மூடிக்கொண்டு கொட்டிக்கொண்டே இருந்தது.

அவர் மண்டியிட்டு ஒரு பிடி அள்ளினார். எந்தக் கடை மணல், எந்த அளவுச் சல்லடை என்று அவரைக் கேட்கவேண்டியதே இல்லை. ஏழு வருஷம் அவர் வீட்டு வடிகட்டிக்குள் கிடந்து முனை மழுங்கிய மணல். பம்ப் அறைக்குப் பின்னால் அவரே மூட்டை கட்டிப் போட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. பூதம் கிளம்பினால்கூட அவர் அப்படி அதிர்ந்திருக்க மாட்டார்.

அம்மா அங்கியைக் கழற்றினாள். நீச்சலுடையில் நின்ற பெண்ணை இருவரும் பார்த்தார்கள். எத்தனை மாதம் கழித்து! அவர் தினமும் பார்த்தது நிறுத்துக்கடிகாரத்தை. குளத்தின் மறுகோடியில் அவள் தொடும் கையை மட்டும் பார்த்தார். அம்மா பார்த்தது நீச்சலுடையை. துணி இளகிப்போச்சும்மா என்று மகள் தானே ஊசி குத்திக் கொண்டுவந்து கொடுக்க, நாலு மாதத்தில் மூன்று தடவை பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். பிடித்ததோடு விட்டாளா? உங்க குளோரின்தான் துணியைத் தின்னுது என்று கணவனோடு சண்டைக்கும் போனாள். அவரும் அதை நம்பிக் குளோரினைக் குறைத்தார். ஒருத்தி கழுத்தில் அளவு நாடா, ஒருத்தர் கையில் அளவுக் குழாய். இரண்டு பேரும் நடுவிலிருந்த பிள்ளையைக் கோட்டை விட்டார்கள். கை இரண்டும் குச்சி, தோள் எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது, முதுகெல்லாம் குழந்தைக்கு இருப்பது போல் பூனைமுடி.

அவருடைய உதடு அசைந்தது. கொட்டிய மணல் இவ்வளவு, சார்ட்டில் இருப்பது இவ்வளவு, அதிலிருந்து இதைக் கழித்தால்...

"கணக்குப் போட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் மனைவி.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் பாழாய்ப்போன மூளை அது பாட்டுக்குக் கழித்து முடித்துவிட்டது. வந்த எண்ணை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வீட்டில் எண் சொன்னது போதும்.

"ஏம்மா?" என்றார்.

மகள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "நீங்க குறைக்கச் சொன்னது குறைஞ்சிருச்சுப்பா. அப்புறம் நிறுத்தலாம்னுதான் நெனச்சேன். நிறுத்தத் தெரியல. சாப்பாட்டைப் பாத்தாலே பயமா இருக்கு. தொப்பிக்குள்ள கொட்டின முடியைக் குளத்துலயே அலசி விட்டுட்டேன். எடை ரொம்ப இறங்கிடுச்சுன்னு தெரிஞ்சா நீங்க தண்ணில இறங்க விடமாட்டீங்க."

"சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லணும்னு தினமும் வருவேன். நீங்க எழுதிட்டு 'சபாஷ்'னு சொல்வீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவிதான் பிள்ளைக்குச் சட்டை மாட்டினாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள், கதவைப் பூட்டினாள். கிளம்பும்போது அவர் கதவிலிருந்த சார்ட்டைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டார். டாக்டருக்கு உதவும் என்று நினைத்தார். கெட்ட நேரத்திலும் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

டாக்டர் வயதில் சின்னவள். மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், மறுபடி பிடித்தாள், பிறகு ஒயர்களை ஒட்டித் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை மூவரும் பார்த்தார்கள்.

"நீச்சல்காரிங்க" என்றார் அவர் அவசரமாக. "நாடி மெதுவாத்தான் இருக்கும். நல்ல பயிற்சி இருந்தா அப்படித்தானே?"

"அது வேற சார். இங்க உடம்பு சாப்பாடு இல்லாம இதயத்தையே தின்ன ஆரம்பிச்சிருக்கு. அது துடிக்கறதைக் குறைச்சுக்கிட்டு எப்படியோ தாக்குப்பிடிக்குது." டாக்டர் மகளுக்குக் கேட்காத தூரத்துக்கு அவரைக் கூட்டிப் போனாள். "இன்னும் ஒரு வாரம் இப்படியே தண்ணில இறங்கியிருந்தா, இதயம் நடுக்குளத்துலயே நின்னிருக்கலாம். நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வடிகட்டியில் முடி வந்தது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மணலாகவே இருந்திருந்தால் அத்தனை முடியும் வாரம் ஒருதடவை சாக்கடைக்குப் போயிருக்கும். முள் சிவப்பைத் தொட்டிருக்காது. அடுத்த வாரமும் அவர் மறுகோடியில் கடிகாரத்தோடு நின்றிருப்பார். அவர் சார்ட்டை நீட்டினார்.

டாக்டர் விரித்துப் பார்த்தாள். நாடித்துடிப்புக் கட்டத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்க இறங்கப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நட்சத்திரங்கள்.

"இந்த நட்சத்திரமெல்லாம் எதுக்கு சார்?"

"முன்னேற்றத்துக்கு" என்றார் அவர்.

டாக்டர் அவரை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாளை மடித்து, "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டாள். அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனைவி வந்து தோளைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவும் இல்லை, ஆறுதலாக ஒன்றும் சொல்லவும் இல்லை. அவளுக்கே அது தேவைப்பட்டது.

மதியம் வார்டில் ஒரு நர்ஸ் எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகளை முதுகுப்பக்கம் திரும்பி ஏறச் சொல்லிவிட்டு, எண் தெரியும் இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "இங்க நம்பர் பிள்ளைக்கும் தெரியக்கூடாது, பெத்தவங்களுக்கும் தெரியக்கூடாது. சார், உங்களைத்தான். எட்டிப் பாக்காதீங்க."

அவர் மெஷினைப் பார்க்காமல் இருக்க மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அந்தக் கண் சிவக்கவே இல்லை.

"எவ்வளவுப்பா?" என்று உதட்டசைவில் கேட்டாள்.

"தெரியலடா. எனக்கும் காட்ட மாட்டேங்கறாங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் நெடுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. அழுகையில் கால் தடுமாறியது. இவள் பிறந்த அன்று, கையில் வாங்குவதற்கு முன்பே, எத்தனை கிலோ என்று கேட்ட மனிதர் அவர். இப்போது ஒன்றும் கேட்கவில்லை, ஓடிப்போய் இரண்டு கையாலும் தூக்கினார். வளர்ந்த பெண்ணாயிற்றே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். தூக்கிய வேகத்தில் கை இரண்டும் அவருடைய நெஞ்சுக்கு மேலே போய்விட்டன.